தோழிகளோடு ஒரு சாயங்காலம், அதற்குப் பிறகு ஒரு கேள்வி: டையை நிறுத்தலாமா?

வைகைக்கரை எழுதியது:

போன சனிக்கிழமை பள்ளித் தோழிகள் ஐந்து பேர் மதுரையில் ஒன்றாகச் சிக்கினோம். ஒருத்தி ஓசூரிலிருந்து வந்திருந்தாள், ஒருத்தி திருநெல்வேலி. மீதி மூன்று பேரும் உள்ளூர்தான், ஆனால் யாராவது வெளியூரிலிருந்து வந்தால்தான் நாங்களும் பார்த்துக்கொள்வோம். வீட்டில் எல்லோருக்கும் ராத்திரிச் சாப்பாடு வெளியே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

முதலில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. கடைப் பையன் பாதாம் பிசினை அள்ளித் தம்ளரில் போட்டு, நன்னாரி சர்பத்தும் பாலும் ஊற்றி, மேலே ஐஸ்கிரீம் வைக்கப் போகும்போது கையை நிறுத்தி என்னைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, அம்மாவுக்கு ஐஸ் கம்மியா போடவா? தொண்டை கட்டிக்கும்."

அவன் அம்மா என்று சொன்னது ஓசூர்க்காரியை. அவள் டை அடிப்பதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தலை முழுக்க வெள்ளை, அழகாக வெட்டியிருக்கிறாள். வயதில் என்னைவிடச் சில மாதம் சின்னவள்!

நாங்கள் முழிக்க, அவள் அசரவே இல்லை. "நிறையவே போடு தம்பி, இவளுகளை எல்லாம் பெத்து வளர்த்த களைப்பு" என்றாள். பையன் ரெண்டு கரண்டி சேர்த்தே போட்டான்.

அப்புறம் கிழக்குச் சித்திரை வீதியில், வண்டி வராத அந்தக் கல்தளத்தில் உட்கார்ந்து பத்து மணி வரை பேச்சு. புருஷன், பிள்ளை, சர்க்கரை, முழங்கால் எல்லாம் ஒரு சுற்று வந்து கடைசியில் தலைமுடியில் நின்றது. டை அடிக்கும் நாலு பேருக்கும் நாலு வழி. ஒருத்தி பாக்கெட் பவுடர், ஒருத்தி பார்லர், ஒருத்தி மருதாணி. நான் கிரீம் வாங்கி வீட்டில் நானே அடித்துக்கொள்கிறேன். பின்னந்தலையில் மட்டும் மகள் உதவி.

இப்போது கேள்வி. மகளுக்கு வரன் முடிவாகிவிட்டது, கல்யாணம் அடுத்த ஆவணியில். இன்றைக்கே டையை நிறுத்தினால் அதற்குள் ஓசூர்க்காரி மாதிரி முழுசாக மாறிவிட முடியுமா? முடி தோளுக்குக் கீழே வரை இருக்கிறது. இன்னொன்று, கொஞ்ச நாளாக டை அடித்த மறுநாள் காதுக்குப் பின்னாலும் நெற்றி ஓரத்திலும் அரிக்கிறது. ஒரு அலர்ஜி மாத்திரை போட்டால் அடங்கிவிடுகிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், நிறுத்தியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்.

சும்மா ஒருத்தன் எழுதியது:

நரைக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே லாபம் ரயில் டிக்கெட் சலுகை. அதையும் 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் திரும்பத் தரவில்லை. டையைத் தொடருங்கள் சகோதரி.

செல்லூர் பார்லர் எழுதியது:

அக்கா, தொழில்காரியாகச் சொல்கிறேன், கணக்கு உதைக்கிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சிப் போனால் ஒண்ணேகால் வளரும். ஆவணிக்கு இன்னும் ஒரு வருடம் என்று வைத்தாலும் பன்னிரண்டு, பதினைந்து சென்டிமீட்டர்தான் வெள்ளை வந்திருக்கும். உங்களுக்குத் தோளுக்குக் கீழே வரை முடி என்றால் முழுசாக மாற இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். கல்யாண ஆல்பத்தில் மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி கருப்பு, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கும். கொண்டை போட்டால் இன்னும் மோசம். உச்சி வெள்ளை, கொண்டை கன்னங்கரேல் என்று அது சவுரி வைத்த மாதிரி தெரியும்.

ஓசூர்க்கார அக்கா வெட்டித்தானே மாறியிருக்கிறார்? அதுதான் குறுக்கு வழி. வெட்ட மனசில்லை என்றால் ஹைலைட்ஸ் போட்டு நரையைக் கலந்துவிடலாம், கோடு தெரியாது. ஆனால் கருப்பு டை ஏறிய முடியில் அதைச் செய்ய முதலில் பிளீச் பண்ணணும். முடி காய்ந்து போகும், காசும் நிறைய.

இன்னொரு விஷயம், நீங்கள் அடிப்பது ஒன்றாம் நம்பர் கருப்பா? நம் ஊரில் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். பிறவி முடி அவ்வளவு கருப்பாகப் பெரும்பாலும் யாருக்கும் இருக்காது. மூன்று அல்லது நாலு எடுத்தாலே முகம் பாதி இளகிவிடும், வேரில் வெள்ளை வரும்போதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்காது. நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "காசு கொடுத்து பிரவுன் அடிக்கவா வந்தேன்" என்கிறார்கள்.

மருந்துக்கடை மணி எழுதியது:

எல்லோரும் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறீர்கள். அம்மா போகிற போக்கில் எழுதிய வரியை யாரும் பார்க்கவில்லை. டை அடித்த மறுநாள் காதுக்குப் பின்னால் அரிப்பு. அதுதான் இங்கே முதல் விஷயம்.

நிரந்தரக் கருப்பு டை பெரும்பாலானவற்றில் பாரா ஃபினைலீன் டையமின் இருக்கும், சுருக்கமாகப் பிபிடி. கிரீமில் உள்ள அமோனியா முடியின் மேல் செதிலைத் தூக்கிக்கொடுக்கும். கிரீமோடு கலக்கும் டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போன பிபிடியை முடிக்குள்ளேயே பெரிய நிற மூலக்கூறாக மாற்றிவிடும். அதனால்தான் ஷாம்பு போட்டாலும் போவதில்லை. வேலைக்கு இதை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை. ஆனால் சிலருக்குத் தோல் இதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு நாள் ஆரம்பிக்கும். ஆரம்பித்துவிட்டால் வாழ்நாளுக்கும் போகாது. இன்றைக்கு அரிப்பு, அடுத்த முறை கொப்புளம், அதற்கடுத்து கண் இமை வீங்கித் திறக்கவே முடியாமல் கடைக்கு வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன்.

மாத்திரை போட்டு அரிப்பை அடக்கிவிட்டு மறுபடி அடிப்பது சரியான வழி இல்லை. தோல் டாக்டரிடம் போய் முறையாக பேட்ச் டெஸ்ட் எடுங்கள். சந்தேகப்படும் பொருள்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகும் ஒரு முறை பார்ப்பார்கள். அதுவரை தலையில் ஒன்றும் வைக்க வேண்டாம்.

"அமோனியா இல்லாதது" என்று போட்டிருந்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. அமோனியா இல்லை என்றால் நெடி இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பதில் எத்தனாலமைன் போட்டிருப்பார்கள். பிபிடி உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

கோரிப்பாளையத்தான் எழுதியது:

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒன்று. ஐம்பது தாண்டியபோது நான் வேலை பார்த்த கிளையை மூடினார்கள். ரெஸ்யூமேயைப் பார்த்துக் கூப்பிடுவார்கள், ஆளைப் பார்த்ததும் "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். மச்சினன் ஒரு நாள் என்னைச் சலூனுக்கு இழுத்துக்கொண்டு போய் மீசையோடு சேர்த்து அடித்துவிட்டான். அடுத்த இன்டர்வியூவில் வேலை கிடைத்தது. டையால்தான் கிடைத்ததா என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இப்போது அந்த அலுவலகத்துக்கு நான் கருப்பு முடிக்காரன். திடீரென்று வெள்ளையாகப் போய் நின்றால் ஒரே வாரத்தில் பத்து வயது கூடிவிடும்.

கரிகாலன் சின்ன வயதில் வழக்குக் கேட்க நரைமுடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் என்று பள்ளியில் படித்திருப்போம். நான் வேலை கேட்க அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அஜித்குமார் 2011-இலிருந்து நரையோடு நடிக்கிறார், நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: அவரை யாரும் இன்டர்வியூ எடுப்பதில்லை.

மேலூர் மருமகள் எழுதியது:

என் கதை வேறு. நான் அடிப்பதில்லை. என் மாமியார் எழுபதைத் தாண்டியும் தவறாமல் அடிக்கிறார். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் என்னைப் பார்த்து "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவரைப் பார்த்து "வாங்கக்கா" என்றது. அன்றைக்கு முழுக்க அத்தை சந்தோஷமாக இருந்தார். வீட்டில் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

பசுமலை வாசி எழுதியது:

இயற்கையாக இருப்பதைப் போல அழகு உண்டா? வயதை ஒத்துக்கொள்ளும் தைரியம் வேண்டும். ஓசூர்த் தோழிக்கு என் வணக்கம். டை அடிப்பதே ஒரு பொய்தான்.

தையல்நாயகி எழுதியது:

பசுமலை வாசிக்கு. தைரியம் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன், இல்லாவிட்டால் வாசித்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கணவர் தவறியபின் வருடத் திவசம் முடியும் வரை தலையைக் கவனிக்கவில்லை, அதற்கு மனசும் இல்லை. நாற்பத்தைந்து வயதில் நெற்றிக்கு மேலே முழுக்க வெளுத்துவிட்டது. வகுப்பில் ஒரு பிள்ளை, "டீச்சர், நீங்க ஏன் பாட்டி ஆயிட்டீங்க" என்று கேட்டது. அன்று சாயங்காலமே அடித்தேன்.

அந்த வாரம் ஒரு வீட்டு விசேஷத்தில் நாத்தனார் என் தலையைப் பார்த்துவிட்டு, "இனிமே யாருக்காக?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்தில் இருந்த நாலு பெண்களும் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புருஷனோடு வாழ்கிற பெண் நரையோடு வெளியே வந்தால் தைரியசாலி என்கிறீர்கள். நான் நரையோடு வந்தால் அது தைரியக் கணக்கில் சேராது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் முன்பே முடிவு செய்துவிட்டதுதான். நான் மாதம் ஒருமுறை கிண்ணத்தில் டை கலக்கும்போது யாருக்கும் பொய் சொல்லவில்லை. என் தலையில் அவர்கள் எழுதப் பார்த்ததைத்தான் அழிக்கிறேன். வைகைக்கரை அம்மா, நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் இஷ்டம். ஆனால் யாரோ பாராட்டுவார்கள் என்று நிறுத்தாதீர்கள்.

பசுமலை வாசி எழுதியது:

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. பொய் என்று எழுதியதை எடுத்துக்கொள்கிறேன்.

சும்மா ஒருத்தன் எழுதியது:

டை அடித்தால் கேன்சர் வரும் என்று குடும்ப குரூப்பில் வாரம் ஒருமுறை வருகிறதே, அது உண்மையா? மணி அண்ணன் சொன்னால் நம்புவேன்.

மருந்துக்கடை மணி எழுதியது:

ஃபார்வர்டில் வருகிற அளவுக்கு இல்லை, ஒன்றுமே இல்லை என்று கையை விரிக்கிற அளவுக்கும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010-இல் வெளியிட்ட அறிக்கையில் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது. வீட்டில் தனக்கு அடித்துக்கொள்பவர்களுக்கு முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று மூன்றாம் பிரிவில் வைத்தது. சலூன், பார்லரில் தொழிலாகச் செய்பவர்களை "ஆபத்து இருக்க வாய்ப்பு அதிகம்" என்ற 2ஏ பிரிவில் வைத்தது.

அதற்குப் பிறகு 2020-இல் அமெரிக்காவில் 1,17,200 நர்ஸுகளை 36 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. பெரும்பாலான புற்றுநோய்களுக்கும் நிரந்தர டைக்கும் தொடர்பு தெரியவில்லை. மார்பகப் புற்றுநோயில் சில வகை, சினைப்பைப் புற்றுநோய் போன்ற ஒரு சிலவற்றில் மட்டும் சிறிய ஏற்றம் காட்டியது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள். அவர்கள் அடித்த நிறமும் அளவும் நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

செல்லூர் பார்லர் எழுதியது:

அப்போ அந்த 2ஏ நான்தானா? கஸ்டமருக்கு ஒன்றும் இல்லை, அடித்துவிடுகிற எனக்குத்தானா? நல்லா இருக்கு அண்ணே.

கையுறை எப்போதும் போடுகிறேன், ஆனால் முகூர்த்த சீசனில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தலை வரும். ஏசி போட்டு ஜன்னலை மூடிவிடுவோம்.

மருந்துக்கடை மணி எழுதியது:

அந்த ஆய்வுகளில் பல, பழைய காலத்துத் தொழிலாளர்களைப் பற்றியவை. அப்போது இருந்த சில சாயப் பொருள்களைப் பிறகு எடுத்துவிட்டார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் கலக்கும் இடத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். கலக்கும்போதுதான் நெடி கிளம்பும். கையுறையை ஒரு தலைக்கு ஒரு ஜோடி மாற்றுங்கள், கழுவிக் கழுவித் திரும்பப் போடாதீர்கள். அப்படிச் செய்தால் உள்பக்கம் ஒட்டியிருப்பதும் தோலில் இறங்கும்.

அவுரிக்காடு எழுதியது:

திண்டிவனம் பக்கத்துக்காரன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவுரி போட்டு நீலச் சாயம் எடுப்பது பழைய தொழில், அதனால் வாய் சும்மா இருக்காது.

மருதாணியும் அவுரியும் சேர்ந்தால் பிபிடி இல்லாமலே கருப்பு வரும். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து அப்பினால் பழுப்புதான் வரும். கருப்பு வேண்டுமென்றால் இரண்டு படி. மருதாணிப் பொடியை டீ டிகாஷனில் குழைத்து, ராத்திரி முழுக்க மூடி வைத்து, காலையில் தலையில் வைத்து இரண்டு மணி நேரம் விட்டு வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஷாம்பு கூடாது, எண்ணெயும் கூடாது. வெள்ளை முடியெல்லாம் ஆரஞ்சாக நிற்கும், கண்ணாடியைப் பார்த்துப் பதறாதீர்கள். அதன்மேல்தான் அவுரி. அவுரிப் பொடியை ஊற வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைக்கு ஏற்றிவிட வேண்டும். நேரமானால் சாயம் செத்துவிடும். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வைக்கலாம். ஈரத் தழையை வெயிலில் போட்டு நசுக்கினால் ஒரு வாசம் வருமே, அதுதான் வீடு முழுக்க இருக்கும். வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார்.

மருதாணி இல்லாமல் நரைமேல் நேரே அவுரி போட்டால் பச்சையும் நீலமுமாக நிற்கும்.

நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது "தனி அவுரி இலைப் பொடி, தனி மருதாணி" என்று கேளுங்கள். "கருப்பு மருதாணி" என்று பாக்கெட்டில் கொடுத்தால் வாங்காதீர்கள். மருதாணி இலையில் இருக்கிற லாசோன் சிவப்பும் ஆரஞ்சும்தான் தரும். தனி மருதாணி ஒரு நாளும் கருப்புத் தராது. அந்தப் பாக்கெட்டை மணி அண்ணனிடம் காட்டினால் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் சொல்வார்.

மருந்துக்கடை மணி எழுதியது:

பிபிடிதான். எல்லாப் பாக்கெட்டிலும் இல்லை, பலவற்றில். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

செல்லூர் பார்லர் எழுதியது:

அவுரி அண்ணன் சொல்வது சரி. எங்கள் தலைவலியையும் சொல்கிறேன். அவுரி ஏறிய முடியில் பிளீச் போட்டால் பச்சை பூக்கும், எடுக்கவே முடியாது. சில கலப்பட மருதாணியில் உலோக உப்பு வேறு இருக்கும், அதன்மேல் பெராக்சைடு பட்டால் முடி சூடாகிப் பொடிப்பொடியாக உதிரும். அதனால் மருதாணி, அவுரி வழியில் இறங்கியவர்கள் அப்புறம் மனசு மாறிப் பார்லருக்கு வந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நிறைய பேர் சொல்வதில்லை.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதம், டாக்டர் முடிவு வரட்டும் என்று காத்திருந்தேன்.

மணி தம்பி பயமுறுத்தியதில் தோல் டாக்டரிடம் போனேன். முதுகில் வரிசையாக ஒட்டி அனுப்பினார். குளிக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் பதறியதைப் பார்க்க வேண்டுமே, சமையல் யார் செய்வது என்று! பிரித்துப் பார்த்ததில் ஒரு கட்டம் மட்டும் சிவந்து தடித்து நின்றது. பிபிடி. இனி வாழ்நாளில் அந்த டை வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிவிட்டார். பல் டாக்டரிடம் போனால் இதைச் சொல்ல வேண்டும், மரத்துப்போகச் செய்யும் மருந்தில் சில வகை ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றும் சொன்னார்.

ஆக, நிறுத்தலாமா வேண்டாமா என்ற என் கேள்விக்கு என் முதுகு பதில் சொல்லிவிட்டது.

இதைத் தோழிகள் குரூப்பில் போட்டேன். ஓசூர்க்காரி உடனே கூப்பிட்டாள். "வா, ரெண்டு பேரும் அம்மாக்களா உட்கார்ந்து ஜிகர்தண்டா குடிப்போம்" என்றாள். அவளுக்கும் ஆரம்பத்தில் கழுத்தில் தடிப்பு வந்துதான் நிறுத்தினாளாம். அன்றைக்கு அவ்வளவு நேரம் பேசினோம், அதை மட்டும் சொல்லவில்லை. நாங்கள் தைரியம் தைரியம் என்று பாராட்டிக்கொண்டிருந்தபோது சும்மா சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள், கழுதை.

மகளிடம் சொன்னேன். "உன் கல்யாணத்துக்கு நான் பாட்டி மாதிரி நிற்கட்டுமா?" என்று கேட்டேன். "சம்பந்தியம்மா டை அடிக்கிறாங்க, பக்கத்தில நின்னா நீதான் பெரியவன்னு சபையில நினைப்பாங்க, பரவாயில்லையா?" என்கிறாள். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தையல்நாயகி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் தலையில் யாரும் எதையும் எழுதப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு நாள் மட்டும் கருப்பாக நிற்க ஆசையாகத்தான் இருக்கிறது. அது முடிந்ததும் வெட்டிவிடுகிறேன்.

டாக்டரிடம் மருதாணி, அவுரி பற்றிக் கேட்டேன். கலப்படம் இல்லாததாக இருந்தால், முழங்கை மடிப்பில் கொஞ்சம் வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றால் வைக்கலாம் என்றார். கீழமாசி வீதிப் பக்கம் போய் இரண்டும் தனித்தனியாக வாங்கி வந்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மருதாணியும் அவுரியும் வைத்துக்கொண்டால் சரியாக இருக்குமா? அன்றைக்குத்தான் எனக்கு நேரம் கிடைக்கும்.

அவுரிக்காடு எழுதியது:

முந்தின நாள் வேண்டவே வேண்டாம். அவுரி அலசியதும் கொஞ்சம் பச்சை கலந்துதான் தெரியும், காற்றுப் பட்டுப் பட்டுக் கருக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். முந்தின நாள் வைத்தால் மாப்பிள்ளை அழைப்புக்குப் பச்சைத் தலையோடு நிற்பீர்கள்.

செல்லூர் பார்லர் எழுதியது:

நாலு நாள் முன்னாடி வையுங்கள் அக்கா, அதற்கப்புறம் ரெண்டு நாள் ஷாம்பு, எண்ணெய் எதுவும் தொடாதீர்கள். கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒரு தடவை ஒத்திகையும் பார்த்துவிடுங்கள். பழைய டை மேல் எப்படி ஏறும், வேரில் எப்படி ஏறும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பின்னந்தலைக்கு மகளைக் கூப்பிட வேண்டாம், அந்த வாரம் கல்யாணப் பெண் கையில் அவுரிக் கறை பட்டால் மருதாணி டிசைனுக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரியும். நான் வருகிறேன், கையுறையோடு.